துணி வெட்டும்போது விரல் போச்சா? முதல் 10 நிமிஷம்தான் முக்கியம்!

கரூர்:

கரூரில் தைக்கிற மெத்தை விரிப்பு, பஞ்சு வைத்த குவில்ட் போர்வை, மேஜை விரிப்பு, அடுப்படி கையுறை எல்லாம் கப்பலேறி வெளிநாடு போகின்றன. அங்கே கட்டிலில் விரிப்பவர்களுக்கு துணியின் கலரும் பூ வேலையும்தான் தெரியும். அதை வெட்டியவரின் விரல் தெரியாது. கட்டிங் வேலையில் பல வருஷம் இருந்த ஒருவரின் இடது கையைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றிரண்டு தழும்பாவது இருக்கும். சிலருக்கு நகம் கோணலாக இருக்கும். சிலருக்கு விரல் நுனியே இருக்காது.

வலது கையில் கத்தி, இடது கையில் துணி. அதனால் வெட்டுப்படுவது பெரும்பாலும் இடது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். இடது கை பழக்கம் உள்ளவர்களுக்கு இது மாறி வரும், அவ்வளவுதான்.

சட்டை, பேண்ட் வெட்டுவதை விட குவில்ட் வேலையில் ஆபத்து ஒரு படி அதிகம். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி என்று மூன்று அடுக்காகத் தைப்பதுதான் குவில்ட். மேல் துணியை ஒட்டுத்துணி டிசைனில் செய்வதாக இருந்தால், ஒரே போர்வைக்கு நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன சதுரம், முக்கோணம் வெட்டியாகணும். துண்டு சின்னதாக ஆக ஆக, விரல் கத்திக்குப் பக்கத்தில் போகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மெஷின் எங்கே ஏமாற்றுகிறது?

கம்பெனிகளில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க் போட்டு, செங்குத்துக் கத்தி மெஷினை நகர்த்தி வெட்டுகிறார்கள். இந்தக் கத்தி நிமிஷத்துக்கு சுமார் 2,800 தடவை மேலும் கீழும் போய் வருகிறது. கண்ணுக்கு கத்தி ஆடுவதே தெரியாது, சும்மா நிற்கிற மாதிரி இருக்கும். விரல் பட்ட பிறகும் முதல் ஒன்றிரண்டு வினாடிக்கு வலி தெரியாது. துணியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் விஷயமே புரியும்.

கத்திக்கு முன்னால் ஒரு கம்பி அல்லது தகடு இறங்கி ஏறும். அதுதான் விரல் காப்பு. துணி அடுக்கின் உயரம் வரை அதை இறக்கி வைத்தால் விரல் கத்திக்கு நேராகப் போக வழியில்லை. ஆனால் 'மார்க் தெரியல', 'வளைவுல திருப்ப முடியல' என்று சொல்லி அதை மேலே தூக்கிக் கட்டி விடுவது உண்டு. காப்பைத் தூக்கிவிட்டு ஓட்டுகிற மெஷின், காப்பே இல்லாத மெஷினுக்குச் சமம். வேலை சீக்கிரம் முடியணும் என்று அதைத் தூக்கச் சொல்கிற சூப்பர்வைசர் ஒரு விஷயத்தை யோசிக்கணும். விரல் போனால் அந்த டேபிளில் அன்றைக்கு வேலையே நடக்காது.

அடுக்கின் கடைசி ஒரு அங்குலம் இன்னொரு கண்டம். கத்தி ஓரத்தை நெருங்கும்போது துணி நழுவப் பார்க்கும். உடனே இடது கை தானாக முன்னால் போய்த் துணியை அமுக்கும். பல நாள் பழக்கம், மூளை சொல்வதற்கு முன்பே கை போய்விடுகிறது. இதற்குக் கிளிப் போடுவதுதான் வழி. அடுக்கின் நாலு ஓரத்திலும் கிளிப்போ, மேலே கனமான இரும்புக் கட்டையோ இருந்தால் கை முன்னால் போக வேண்டிய அவசியமே இல்லை.

சுவிட்சை அணைத்த உடனே கத்தி நின்றுவிடாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மோட்டார் ஓய்கிற வரை கத்தி ஆடிக்கொண்டுதான் இருக்கும். சிக்கின நூலை எடுப்பது, கத்தி மாற்றுவது, எண்ணெய் துடைப்பது எல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். சுவிட்சை மட்டும் நம்பக்கூடாது. பின்னால் வருகிறவர் கை தெரியாமல் பட்டால் போதும், மெஷின் ஓட ஆரம்பித்துவிடும்.

இரும்பு வலை கையுறை

அடுப்படி கையுறை, சின்ன ஒட்டுத்துண்டு மாதிரியானவற்றை பேண்ட் நைஃப் மெஷினில் வெட்டுவார்கள். இதில் கத்தி ஒரே இடத்தில் நின்று பெல்ட் மாதிரி சுற்றும். துணியைத்தான் கையால் கத்திக்குத் தள்ளணும். இரண்டு கையும் கத்திக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் இந்த வேலைக்கு ஸ்டீல் வளையம் கோத்த வலை கையுறை கட்டாயம் தேவை. கறிக்கடையில் சிலர் போட்டிருப்பார்களே, அதே மாதிரிதான்.

ஆனால் அளவு சரியாக இருக்கணும். பெரிய கையுறையைச் சின்னக் கைக்கு மாட்டினால் விரல் நுனியில் வலை தொங்கும், பிடி நழுவும். அப்புறம் 'இது தொந்தரவு' என்று கழற்றி டேபிளுக்கு அடியில் போட்டுவிடுவார்கள். சாதாரண நூல் கையுறை இதற்கு உதவாது. கத்தி அதையும் துணி மாதிரியே வெட்டிவிட்டுப் போகும்.

வீட்டு வேலையிலும் கவனம்

வீட்டில் இருந்தபடியே பீஸ் கணக்கில் வேலை செய்யும் பெண்களுக்கு மெஷின் ஆபத்து கிடையாது. அவர்களின் எதிரி பாதி பிளேடு. சவரம் செய்கிற பிளேடை இரண்டாக உடைத்து, அதை விரலால் பிடித்துத் தையல் பிரிப்பது பல வீட்டில் பழக்கம். வெட்டுகிற முனைக்கும் விரலுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. தையல் பிரிக்க என்றே கைப்பிடி வைத்த சின்ன முள் கருவி தையல் சாமான் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒரு தடவை டாக்டரிடம் போகிற செலவில் பல முள் வாங்கலாம்.

வட்டமான பிளேடு சுழல்கிற ரோட்டரி கட்டரும் இப்போது வீடுகளுக்கு வந்துவிட்டது. ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி 1979-ல் கொண்டு வந்த இந்தக் கருவிதான் உலகம் முழுக்க குவில்ட் தைப்பவர்களின் கையில் இருக்கிறது. பீட்சா வெட்டுகிற சக்கரம் மாதிரி இருப்பதால் சாதுவாகத் தெரியும். ஆனால் 45 மில்லிமீட்டர் பிளேடு பல மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டும். விரல் அதற்கு எம்மாத்திரம்?

இதில் அடிபடுவது இரண்டு விதத்தில். ஒன்று, ஸ்கேலை அமுக்குகிற விரல் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. இன்னொன்று, பிளேடை மூடாமல் கட்டரை டேபிளில் வைத்துவிட்டுத் துணிக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவது. நீளமான வெட்டாக இருந்தால் பாதியில் நிறுத்தி, ஸ்கேலில் உள்ள கையை மேலே நகர்த்திக்கொண்டு மறுபடி வெட்டணும். உடம்புக்கு எதிர்ப்பக்கமாகத்தான் தள்ளணும், தன்னை நோக்கி இழுக்கக்கூடாது. கீழே வைக்கிற ஒவ்வொரு தடவையும் மூடி போடணும். 'ஒரு நிமிஷம்தானே' என்கிற அந்த ஒரு நிமிஷத்தில்தான் குழந்தை வந்து எடுக்கும்.

கத்தி எதுவானாலும் மொட்டைக் கத்திதான் மோசம். மழுங்கிய பிளேடு அங்கங்கே நூலை விட்டுவிட்டுப் போகும். அதை வெட்ட இன்னும் பலமாக அமுக்குவோம். அமுக்கினால் வழுக்கும். வழுக்கினால் அடுத்து இருப்பது விரல். கூர் பார்க்கிறேன் என்று கட்டைவிரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தையும் விடணும். ஒரு கழிவுத் துணியில் வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெட்டுப்பட்டால் உடனே...

முதலில் மெஷினை நிறுத்தணும். அந்த விரலில் மோதிரம் இருந்தால் உடனே கழற்றணும். அரை மணி நேரத்தில் விரல் வீங்கிவிட்டால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

குழாயைத் திறந்து ஓடுகிற சுத்தமான தண்ணீரில் காயத்தைக் கழுவணும். சுற்றியுள்ள தோலுக்கு சோப்பு போடலாம். பஞ்சு, நூல் துணுக்கு உள்ளே இருந்தால் தண்ணீரிலேயே போகட்டும். ரத்தம் பீய்ச்சி அடித்தால் கழுவிக்கொண்டு நிற்கக்கூடாது, நேராக அமுக்கணும். சுத்தமான துணியை வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, 10 நிமிஷம் விடாமல் அமுக்கணும். நடுவில் 'நின்னுச்சா?' என்று எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் பெரிய தப்பு. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் உறைய ஆரம்பித்த ரத்தம் பிய்ந்து, கதை முதலில் இருந்து ஆரம்பிக்கும்.

கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் துணிக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் கீழே கிடக்கிற வேஸ்ட் துணியை எடுத்துச் சுற்றக்கூடாது. அதில் எண்ணெயும் தூசியும் இருக்கும். கம்பெனி முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணி இருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பார்ப்பது நல்லது. பல பெட்டிகளில் காலியான தைல பாட்டில்தான் இருக்கும்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, மெஷின் ஆயில் எதையும் வைக்கக்கூடாது. ரத்தம் நின்ற மாதிரி இருக்கும். ஆனால் டாக்டர் தையல் போடுவதற்கு முன்னால் அத்தனையையும் சுரண்டி எடுக்கணும். அந்த வலி வெட்டுப்பட்ட வலியை விட அதிகம். சட்டென்று ஒட்டுகிற பசையை ஊற்றி ஒட்டிக்கொள்வதும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் காயம் ஒட்டுகிற பசை வேறு, கடையில் செருப்பு ஒட்ட வாங்குகிற பசை வேறு. விரலின் அடியில் நூலையோ ரப்பர் பேண்டையோ இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து. நுனிக்கு ரத்தம் போகாமல் விரலே கறுத்துவிடும்.

சின்ன வெட்டு, பெரிய சேதம்

காயம் அரை அங்குலம்தான் இருக்கும். ரத்தமும் நின்றிருக்கும். ஆனால் உள்ளே நரம்பும் தசைநாரும் வெட்டுப்பட்டிருக்கலாம். விரலில் தோலுக்குக் கீழே இவை அவ்வளவு மேலாக ஓடுகின்றன. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, காயத்துக்கு மேலே விரல் நுனியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக வேறொருவரைத் தொடச் சொல்லணும். ஒவ்வொரு விரலிலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு உணர்வு நரம்பு ஓடுகிறது. ஒரு பக்கம் மரத்த மாதிரி இருந்தால் அந்தப் பக்க நரம்பு அறுந்திருக்கலாம்.

அடுத்து, விரலின் நடு மூட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நுனி மூட்டை மட்டும் மெதுவாக மடக்கி நீட்டிப் பார்க்கணும். வரவில்லை என்றால் தசைநார் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அறுந்த நார் ரப்பர் மாதிரி உள்ளே சுருங்கிப் போய்விடும், தானாக ஒட்டாது. முதல் சில நாளுக்குள் ஆபரேஷன் செய்தால் விரல் நன்றாக மடங்க வாய்ப்பு அதிகம். 'வீக்கம் வத்தட்டும், பாக்கலாம்' என்று ஒரு மாசம் தள்ளிப்போட்டால் ஆபரேஷனும் பெரிதாகும், பலனும் குறையும்.

10, 15 நிமிஷம் அமுக்கியும் ரத்தம் நிற்கவில்லை, வாய் பிளந்த காயம், மூட்டுக்கு மேலே வெட்டு, நகத்தோடு சேர்ந்த வெட்டு, அல்லது சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். தையல் போடுவதாக இருந்தால் சில மணி நேரத்துக்குள் போவது நல்லது. மறுநாள் காலை வரை காத்திருக்கக்கூடாது.

டி.டி. ஊசி பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. துருப்பிடித்த இரும்பு குத்தினால்தான் ரணஜன்னி வரும் என்பது சரியல்ல. பளபளக்கிற புது பிளேடு வெட்டின காயத்தில் மண்ணோ தூசியோ போனாலும் வரலாம். சின்ன வயதில் எல்லா தவணையும் சரியாகப் போட்டவர்களுக்கு, அழுக்கான காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் ஒரு ஊசி தேவை. சுத்தமான சின்னக் காயம் என்றால் 10 வருஷக் கணக்கு. 6 மாசத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. தவணை சரியாகப் போட்டோமா என்றே தெரியாதவர்கள் டாக்டரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளணும்.

ஆறும்போது

'கட்டைப் பிரிச்சு காத்தாட விடு' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். காயம் லேசான ஈரத்தோடு, மூடி இருந்தால்தான் சீக்கிரம் ஆறும் என்பது இன்றைய மருத்துவம். சின்னக் காயத்தை தினமும் கழுவி, லேசாக வாசலின் தடவி, கட்டு மாற்றினால் போதும். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் கிருமியோடு புதுத் தோலும் வெந்துபோகும்.

ரோட்டரி கட்டர் விரல் நுனியில் ஒரு சீவு சீவிவிட்டுப் போனால், பார்க்கப் பயமாக இருக்கும். எலும்பு தெரியாமல் தோலும் சதையும் மட்டும் சின்னதாகப் போயிருந்தால், சரியாகக் கட்டுப்போட்டு வந்தாலே பெரும்பாலும் 3, 4 வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். விரல் நுனிக்கு அந்தச் சக்தி இருக்கிறது. எலும்பு தெரிந்தால் டாக்டர் பார்த்தே ஆகணும்.

கைத் தையலை 7 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். பிரித்த மறுநாளே பழையபடி துணிக்கட்டைத் தூக்கினால் காயம் மறுபடி பிளக்கும். தையல் பிரிக்கிற சமயத்தில் புதுத்தோலுக்குப் பலம் ரொம்பக் குறைவு. 3 மாசம் ஆனாலும் பழைய பலத்தில் சுமார் 80 சதவீதம்தான் திரும்பும். நரம்பு வெட்டுப்பட்டிருந்தால் அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும். மாதக்கணக்கில் மரத்துப்போன விரலோடு மறுபடி கத்திப் பக்கம் போகிறவர் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்கணும். சூடும் தெரியாது, வெட்டும் தெரியாது.

காயம் சிவந்து, வீங்கி, விண்விண்ணென்று தெறித்தாலோ, சீழ் வந்தாலோ, சிவப்புக் கோடு கையில் ஏறினாலோ கட்டை மாற்றிக்கொண்டு உட்காரக்கூடாது. உடனே டாக்டரிடம் போகணும்.

விரல் துண்டாகிவிட்டால்

அடிபட்டவரைக் கவனிக்கிற அவசரத்தில் துண்டை விட்டுவிட்டுப் போய்விடுவது உண்டு. இரண்டு பேர் ஆளைப் பார்த்துக்கொள்ள, ஒருவர் துணி அடுக்குக்குள் தேடி எடுக்கணும். அழுக்கிருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரமாக்கிப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டணும். அந்தப் பையைத்தான் ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைக்கணும். துண்டை நேராக ஐஸில் போட்டால் அது உறைந்து கெட்டுவிடும். அப்புறம் ஒட்டவே முடியாது. பால், ஸ்பிரிட், எண்ணெய் எதிலும் போடக்கூடாது.

அடிபட்டவருக்கு ஆறுதலாக டீ, சோடா வாங்கிக் கொடுப்பதுதான் நம்ம ஊர் வழக்கம். இங்கே அது உதவியல்ல. மயக்க மருந்து கொடுக்க வெறும் வயிறு வேணும். பீடி, சிகரெட்டும் கூடாது. புகை ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், ஒட்டின விரலுக்கு ரத்தம் போகாது.

விரலில் தசை இல்லாததால் அது கொஞ்சம் தாங்கும். சாதாரணமாக சுமார் 12 மணி நேரம், முறையாகக் குளிர வைத்தால் சுமார் 24 மணி நேரம் வரை கூட ஒட்ட முயற்சி செய்கிறார்கள். ஆனால் சீக்கிரம் போகப் போக பலன் அதிகம். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்திக்கொண்டு, மைக்ரோ சர்ஜரி வசதி எங்கே இருக்கிறது என்று போனில் கேட்டுவிட்டே கிளம்பணும். கை அறுவை சிகிச்சைக்குக் கோவை கங்கா ஆஸ்பத்திரி பெயர் பெற்றது. கரூரில் இருந்து கோவை 120 கிலோமீட்டருக்கு மேல். அரசுத் தரப்பில் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப்பிரிவு 1971-ல் இருந்து இயங்கி வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது. எல்லா விரலையும் ஒட்ட முடியாது. நசுங்கியிருந்தால் கஷ்டம். கட்டைவிரல் என்றால் டாக்டர்கள் முடிந்தவரை முயற்சி செய்வார்கள். கை செய்கிற வேலையில் சுமார் 40 சதவீதம் அந்த ஒரு விரலைச் சேர்ந்தது.

பணம், பேப்பர்

இ.எஸ்.ஐ. உள்ள கம்பெனி என்றால், வேலையில் பட்ட காயத்துக்கு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய்க்கு 70 சதவீதம்தான். வேலையில் காயம் பட்டால் இத்தனை மாசம் சந்தா கட்டியிருக்கணும் என்ற நிபந்தனையும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. விரல் நிரந்தரமாகப் போனால் மெடிக்கல் போர்டு பார்த்து மாதாமாதம் பணம் வர ஏற்பாடு உண்டு.

ஆனால் ஆஸ்பத்திரியில் 'வீட்ல அரிவாள்மனை பட்டுடுச்சு' என்று சொன்னால் இத்தனையும் போய்விடும். யார் சொல்லச் சொன்னாலும் சரி, எங்கே, எந்த மெஷினில், எத்தனை மணிக்கு என்று உள்ளதைச் சொல்லி எழுத வைக்கணும். கம்பெனி விபத்துப் பதிவேட்டிலும் பெயர் ஏறணும். ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் பேப்பர் எதையும் தொலைக்கக்கூடாது.

நஷ்டஈட்டுக்கான சட்ட அட்டவணையில் கட்டைவிரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீத இழப்பு என்று கணக்கு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடு விரலுக்கு 12. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரல் நுனி மட்டும் போனால் 5. கத்திரி பிடித்தே பிழைக்கிறவருக்கு அந்த 14 எவ்வளவு குறைவு என்பது அட்டவணை போட்டவர்களுக்குத் தெரியாது.

சொந்தமாகக் கடை வைத்திருக்கும் டெய்லர்களும், வீட்டில் பீஸ் வேலை செய்யும் பெண்களும் தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் விபத்தில் ஊனம் ஏற்பட்டால் உதவித்தொகை கேட்கலாம். தொழிலாளர் நலத்துறை சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் பதிவு செய்யலாம். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் அட்டையை எடுத்துத் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.